உடம்பு குறைக்க ஊசி: ஆரம்பிச்சு வைக்க மட்டும் மூணு மாசம் போட்டா போதுமா?

காரிமங்கலம் டீச்சர் · 2025 ஏப்ரல் 26

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் போய்ட்டு இருந்தவ, இன்னைக்குத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. வயசு 39, உயரம் 157 செ.மீ, எடை 94. இந்த 94 எப்படி தெரிஞ்சுதுன்னா, போன மாசம் எங்க கொழுந்தனார் ராகி மண்டிக்குப் போயிருந்தோம், மூட்டை போடற எலக்ட்ரானிக் தராசு சும்மா கிடந்துச்சு, பசங்க ஏறி ஏறி இறங்கி விளையாடிட்டு இருந்தாங்க, நானும் ஏதோ நினைப்புல ஏறிட்டேன். மூட்டை தூக்கற அண்ணன் எட்டிப் பாத்துட்டு "டீச்சர் குவிண்டாலுக்கு ஆறு கிலோதான் கம்மி"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், வீட்டுக்கு வந்து அழுதேன்.

அப்புறம்தான் தர்மபுரி போய் சக்கரை டாக்டர பாத்தேன். ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சக்கரை காட்டற ரத்த டெஸ்ட்) 6.3, ஸ்கேன்ல ஃபேட்டி லிவர், அதான் ஈரல்ல கொழுப்பு, முட்டி வலி வேற. நடக்கலையா கட்டுப்பாடு இல்லையான்னு யாரும் கேக்காதீங்க, ரெண்டு தடவ 7, 8 கிலோ குறைச்சு ரெண்டு தடவயும் வட்டியோட திரும்பி வந்திருக்கு. டாக்டர் வாரம் ஒரு ஊசி எழுதிக் குடுத்திருக்காரு, மௌஞ்சாரோ, டிர்செபடைடுன்னு மருந்து பேரு, போன மாசந்தான் நம்ம நாட்டுக்கு வந்துச்சாம். 2.5 மில்லி கிராம் குப்பி ஒண்ணு 3,500 ரூபா, மாசம் நாலு. அடுத்த டோஸ் 5, அது குப்பி 4,375. என்கிட்ட சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சம் இருக்கு (டாக்டர் சீட்டு இல்லைங்க, ஏலச்சீட்டு). வண்டி பேட்டரி டவுன் ஆனா தள்ளி ஸ்டார்ட் பண்ணுவோமே, அந்த மாதிரி மூணு மாசம் மட்டும் ஊசி போட்டு ஒரு பத்து கிலோ இறக்கிட்டு மீதிய நானே நடந்து பாத்துக்கலாம்னு நினைப்பு. அது நடக்குமா? போட்டவங்க யாராச்சும் சொல்லுங்க. எங்க அத்தை வேற "மூணு வேளையும் களி தின்னு காட்டு வேலை செஞ்சா ஊசி எதுக்கு"ன்னு காலையில இருந்து ஆரம்பிச்சுட்டாங்க.

ஓசூர் பி ஷிப்ட் · 2025 ஏப்ரல் 26

அக்கா, நான் போட்டது ஊசி இல்ல மாத்திரை, ஆனா இதே குடும்பம். செமாகுளூடைடு, ரைபெல்சஸ்னு 2022ல இருந்து இங்க கிடைக்குது. எனக்கு சக்கரை இருக்கு அதுக்குத்தான் குடுத்தாங்க. 98ல ஆரம்பிச்சேன், மொதல்ல 3 மில்லி கிராம், ஒரு மாசம் கழிச்சு 7, அப்புறம் 14, பத்து மாசத்துல 89 வந்துட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. கம்பெனி மாறினேன், மூணு மாசம் சம்பளம் இழுவை, மாத்திரைய நிறுத்தினேன். எட்டு மாசத்துல 95. நான் ஒண்ணும் தினம் பிரியாணி தின்னல அக்கா, பழையபடி பசி வந்துச்சு அவ்ளோதான்.

இன்னொண்ணு, வெறும் வயித்துல அரை டம்ளருக்கு மேல போகாம தண்ணி வச்சு முழுங்கணும், அரை மணி நேரம் டீ கூட தொடக்கூடாது. ஷிப்ட் மாத்தி மாத்தி போறவனுக்கு எது காலை எது ராத்திரின்னே தெரியாது, இதுல வெறும் வயிறு எங்க இருந்து பாக்கறது. அதோட நான் ஏற்கனவே கிளிமிபிரைடுன்னு இன்னொரு சக்கரை மாத்திரை போட்டுட்டு இருந்தேன், ரெண்டும் சேந்து ஒருநாள் லைன்ல நிக்கும்போதே கை நடுங்கி சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, சூப்பர்வைசர் பயந்து போய் டீ மெஷின்ல இருந்து சக்கரை பாக்கெட்ட பிரிச்சு வாயில கொட்டினாரு. சுகர் 58. அப்புறந்தான் டாக்டர் கிளிமிபிரைட பாதியாக்கினாரு. சக்கரை மாத்திரை ஏற்கனவே போடறவங்க இத மொதல்லயே கேட்டுக்கோங்க.

பென்னாகரத்தான் · 2025 ஏப்ரல் 27

யாரும் கோவிச்சுக்காதீங்க. எங்க தாத்தா சாமைச் சோறும் களியும் கீரைக் கொழம்பும் தின்னுட்டு பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல்லுக்கு நடந்தே போவாரு. 80 வயசு வரைக்கும் தொப்பைன்னா என்னன்னு தெரியாது. இப்ப மாசம் பதினாலாயிரம் குடுத்து பசிய கொல்றதுக்கு ஊசி. மருந்துக் கம்பெனிக்காரன் பொழைக்க நம்ம வயிறா கிடைச்சுது.

காரிமங்கலம் டீச்சர் · 2025 ஏப்ரல் 27

அண்ணா உங்க தாத்தா எட்டு பீரியட் போர்டு முன்னாடி நின்னுட்டு, பேப்பர் கட்ட வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் திருத்திட்டு, காலையில அஞ்சுக்கு எழுந்து நாலு பேருக்கு டிபன் கட்டினாரா? களி தின்ன சொல்றீங்க, தின்னுட்டுத்தான் இருக்கேன். அதே சைஸ் உருண்டைதான். வெட்டறதுக்குத்தான் காடு இல்ல.

பாலக்கோடு சிஸ்டர் · 2025 ஏப்ரல் 27

டீச்சரம்மா சொன்னதுக்கு ஒரு கும்பிடு 😄

நான் வார்டுல நர்சா இருக்கேன், டாக்டர் இல்ல, அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க. உங்க உயரத்துக்கு எடைக்கு பிஎம்ஐ 38 வருது. நம்ம ஆளுங்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினா உடல் பருமன்னு வச்சிருக்காங்க, ஏன்னா வெள்ளைக்காரங்களவிட நமக்கு கம்மி எடையிலயே வயித்துல கொழுப்பு சேந்து சக்கரை வந்துடுது. எடைக்காக இந்த மருந்து எழுதறதுக்கு 30க்கு மேல இருக்கணும், இல்ல 27க்கு மேல இருந்து, அதோட சேத்து சக்கரை பிபி மாதிரி ஏதாச்சும் இருக்கணும். அதனால உங்களுக்கு எழுதினது ஒண்ணும் தப்பில்ல.

ஆனா வண்டி தள்ளற கணக்கு சரி வராது. வண்டி ஒருக்கா ஸ்டார்ட் ஆச்சுன்னா தள்ளறவன் போயிடலாம். இது அப்படி இல்ல. சாப்பிட்டதும் நம்ம குடல்ல ஒரு ஹார்மோன் சுரக்கும், ஜிஎல்பி 1னு பேரு, போதும்னு மூளைக்கு சொல்றது அதுதான், வயித்துல இருந்து சாப்பாடு கீழ எறங்கறதையும் மெதுவாக்கும். நம்ம உடம்புல ஊறற ஹார்மோன் சில நிமிஷத்துல கரைஞ்சிடும், ஊசி அதே வேலைய வாரம் பூரா செய்யுது. டிர்செபடைடு ஜிஐபின்னு இன்னொரு ஹார்மோன் வேலையையும் சேத்து செய்யுது. ஊசி நின்னா சொல்றதும் நின்னு போயிடும். செமாகுளூடைடு ஆராய்ச்சியில 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் எடை குறைஞ்சவங்கள நிறுத்திட்டுப் பாத்தா ஒரு வருஷத்துல குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சு. ஓசூர் தம்பிக்கு 9 குறைஞ்சு 6 ஏறினது அப்படியே அந்தக் கணக்குத்தான் பாருங்க. டிர்செபடைடு இன்னும் ஜாஸ்தி குறைக்கும், 15 மில்லி கிராம் டோஸ்ல 72 வாரத்துல 20 சதவீதம் தாண்டி வந்திருக்கு, ஆனா நிறுத்தினா ஏர்றதுல வித்தியாசம் இல்ல.

பிபி மாத்திரைய மூணு மாசம் போட்டுட்டு பிபி நார்மல் ஆயிடுச்சுன்னு நிறுத்திடுவோமா. பணத்தக் கணக்குப் போடும்போது மூணு மாசத்துக்கு போடாதீங்க, வருஷத்துக்குப் போடுங்க.

பென்னாகரத்தான் · 2025 ஏப்ரல் 27

அப்ப வாழ்நாள் பூரா கட்டணும். நான் சொன்னதுதானே.

பாலக்கோடு சிஸ்டர் · 2025 ஏப்ரல் 27

சக்கரை வந்தாலும் வாழ்நாள் பூராதான் அண்ணா. மக்களைத் தேடி மருத்துவம் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க, இன்னைக்கு ஊர் ஊரா சக்கரை மாத்திரை பிபி மாத்திரை வீட்டுக்கே வருது. எதுக்கு வருதுன்னு நினைக்கறீங்க? அவங்கவங்க தாத்தாவும் சாமைதான் தின்னாங்க.

பஸ்ல நெளிஞ்சவன் · 2025 ஏப்ரல் 28

ஆர்லிஸ்டாட் யாரும் சொல்லலையே? விலை கம்மி, மூணு வேளையும் சாப்பாட்டோட 120 மில்லி கிராம் கேப்சூல். நாம திங்கற கொழுப்புல முப்பது சதவீதத்த குடல்ல சேர விடாம அப்படியே வெளிய தள்ளிடும். "அப்படியே"ங்கற வார்த்தைய கவனிங்க. ஒரு ஞாயித்துக்கிழம மச்சான் வீட்டு காதுகுத்துல மட்டன் பிரியாணிய ஒரு கட்டு கட்டிட்டு ஓசூர்ல இருந்து கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். சூளகிரி தாண்டறதுக்குள்ள, வேணாம் விடுங்க. நல்ல பேன்ட் அது. துவைச்சும் எண்ணெய்க் கறை போகல. மூணு மாசத்துல ரெண்டு கிலோ குறைஞ்சுது, அதுவும் மருந்தால இல்ல, எண்ணெய்ப் பலகாரத்தக் கண்டாலே வந்த பயத்தால.

ரவுண்டானா மருந்துக்கடை · 2025 ஏப்ரல் 28

கிருஷ்ணகிரியில கடை வச்சிருக்கேன். டீச்சருக்கு வாங்கறதப் பத்தி மட்டும் சொல்றேன். குப்பி 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். தர்மபுரியில வாங்கி காரிமங்கலம் போற பஸ்ல மடியில வச்சுட்டுப் போயிடாதீங்க, இது சித்திரை வெயில். கடையில ஜெல் பேக் கேட்டு வாங்கி, குப்பிய ஒரு துண்டுல சுத்தி, துண்டுக்கு வெளியதான் பேக் இருக்கணும், ஐஸ் நேரா பட்டு மருந்து உறைஞ்சு போச்சுன்னா தூக்கித்தான் போடணும், உருகினதும் போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க. வீட்ல ஃபிரிட்ஜ் கதவுல வைக்காதீங்க, தெறந்து தெறந்து மூடுவோம், நடுத் தட்டுல உள்ளாற வைங்க, ஃபிரீசர் பக்கம் வேணாம். கரண்ட் போனா பதறாதீங்க, ஃபிரிட்ஜ தொறக்காம இருந்தா போதும். 30 டிகிரிக்குள்ள இருந்தா 21 நாள் வரைக்கும் வெளிய தாங்கும்னு போட்டிருக்கான், ஆனா நம்ம ஊர்ல இப்ப 30 டிகிரி எந்த ரூம்ல இருக்கு சொல்லுங்க.

பில் இல்லாம, ஆன்லைன்ல, யாரோ பாதி விலைக்கு தர்றாங்கன்னு வாங்காதீங்க. பெங்களூர்ல இருந்து ஐஸ் இல்லாம பார்சல் ஆபீஸ்ல வந்த பெட்டிய என்கிட்டயே கொண்டாந்து காட்டினாங்க. வெதுவெதுன்னு இருந்துச்சு.

மே மாசம் கல்யாணம் · 2025 ஏப்ரல் 29

அக்கா அண்ணா எல்லாருக்கும் ஹாய். எனக்கு 26 வயசு, 160 உயரம், 61 கிலோ. அடுத்த மாசக் கடைசியில கல்யாணம். மாப்பிள்ள வீட்ல ஒரு அத்தை "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க, அன்னைல இருந்து தூக்கம் இல்ல. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) வேற இருக்கு, அதுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடறேன். ஒரே ஒரு மாசம் இந்த ஊசி போட்டா பிளவுஸ் ஃபிட் ஆகற அளவுக்கு குறையுமா? டாக்டர் சீட்டு இல்லாம எங்கயாச்சும் கிடைக்குமா?

ரவுண்டானா மருந்துக்கடை · 2025 ஏப்ரல் 29

கிடைக்காது. என் கடையில கிடைக்காது. வேற கடையில கிடைச்சா அவன் உனக்கு நல்லது பண்ணலன்னு வச்சுக்கோ தங்கச்சி.

பாலக்கோடு சிஸ்டர் · 2025 ஏப்ரல் 29

பாப்பா, உன் பிஎம்ஐ 24 கூட இல்ல. மொத மாசம் போடறது உடம்பு பழகறதுக்கான டோஸ், அதுல பெருசா ஒண்ணும் எறங்காது. வாந்தி மட்டும் தப்பாம வரலாம், தாலி கட்டும்போது வாந்தி வந்தா அந்த அத்தை அதுக்கும் ஒரு கத கட்டுவாங்க.

அதவிட முக்கியமானது கேட்டுக்கோ. கல்யாணம் ஆகி கொழந்த நினைப்பு இருந்தா இந்த மருந்து ஆகவே ஆகாது, செமாகுளூடைடுன்னா ரெண்டு மாசம் முன்னாடியே நிறுத்தணும்னு சொல்றாங்க. கொழந்த இப்ப வேணாம்னு கருத்தடை மாத்திரை போட்டாலும் டிர்செபடைடு அந்த மாத்திரை உடம்புல சேர்றத குறைச்சிடும். எப்படிப் பாத்தாலும் இது உனக்கான நேரம் இல்ல. மெட்ஃபார்மின நிறுத்தாத, வருஷக்கணக்கா போட்டா வைட்டமின் பி12 அளவு மட்டும் ஒருக்கா டெஸ்ட் பண்ணி பாத்துக்கோ. பிளவுஸ டைலர் ஒரு தையல் பிரிச்சு விட்டா முடிஞ்சுது.

பழைய ஆளு அரூர் · 2025 ஏப்ரல் 29

அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு சொல்லணும். 2009ல எங்க தங்கச்சியும் இதே மாதிரி கல்யாணத்துக்குத்தான் மாத்திரை போட்டா. சிபுட்ரமின்னு பேரு, அப்ப தாராளமா எழுதிக் குடுப்பாங்க. ராத்திரி பூரா நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு உக்காந்தே இருப்பா, நாங்க கல்யாணப் பயம்னு நினைச்சோம். 2011ல அத நம்ம நாட்டுலயே தடை பண்ணிட்டாங்க, மாரடைப்பு பக்கவாதம் வருதுன்னு. அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல ஃபென்ஃபென்னு ஒரு கூட்டு மருந்து, இதய வால்வ கெடுத்து 1997ல எடுத்தாங்க. உடம்பு குறைக்கற மருந்தோட வரலாறே இப்படித்தான், அதனால பென்னாகரத்து அண்ணன் சந்தேகப்படறத நான் குத்தம் சொல்ல மாட்டேன். மூலிகைப் பொடின்னு டப்பாவுல விக்கறாங்களே, அதுல எத்தனையோ இடத்துல இதே சிபுட்ரமின கலந்து புடிச்சிருக்காங்க. பத்து நாள்ல அஞ்சு கிலோன்னு எவன் சொன்னாலும் டப்பாவ கீழ வச்சிடுங்க.

பென்னாகரத்தான் · 2025 ஏப்ரல் 30

நன்றி அரூரண்ணா. இந்தப் புது மருந்தோட மூலமும் ஏதோ பல்லியாமே?

பாலக்கோடு சிஸ்டர் · 2025 ஏப்ரல் 30

😂 இது அந்த மருந்து இல்ல அண்ணா, இதுக்கு அக்கா முறை. அமெரிக்கப் பாலைவனத்துல ஹீலா மான்ஸ்டர்னு ஒரு விஷப் பல்லி, அது எச்சில்ல இருந்ததப் பாத்துத்தான் எக்சனடைடு பண்ணாங்க, 2005ல சக்கரைக்கு வந்துச்சு. அது தினம் ரெண்டு தடவ குத்திக்கணும். இப்ப இருக்கறதெல்லாம் அதுக்கப்புறம் வந்தது. பல்லி விழற பலன் பாக்கத் தேவையில்ல.

டீச்சர், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியது: வீட்ல யாருக்காச்சும் மெடுல்லரி தைராய்டு கேன்சர் இருந்துச்சா, உங்களுக்கு எப்பவாச்சும் கணையத்துல வீக்கம் வந்திருக்கா, பித்தப்பையில கல் இருக்கா. சும்மா தைராய்டு மாத்திரை போடறது வேற, அத இதோட போட்டு குழப்பிக்காதீங்க. மேல் வயித்துல வலி வந்து முதுகு வரைக்கும் இழுத்து வாந்தியும் நிக்கலன்னா காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

காரிமங்கலம் டீச்சர் · 2025 மே 25

ஒரு மாசம் ஆச்சு, நாலு ஊசி முடிஞ்சுது. 91. சொல்றதுக்கு நிறைய இருக்கு.

மொத ஊசி பக்கத்து வீட்டு சிஸ்டர் போட்டு விட்டாங்க, குப்பி மருந்து அரை மில்லி, இன்சுலின் சிரிஞ்சுல இழுத்து தொப்புளுக்கு ரெண்டு விரல் தள்ளி, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. மறுநாள் ஒண்ணும் தெரியல. ஏமாந்துட்டமோன்னு இருந்துச்சு. மூணாவது நாள் ஸ்டாஃப் ரூம்ல காவேரிப்பட்டணம் நிப்பட்டு பாக்கெட் பிரிச்சு வச்சாங்க. வழக்கமா நான்தான் மொதல்ல கை வைப்பேன், அது ஸ்டாஃப் ரூமுக்கே தெரியும். அன்னைக்கு சாயந்திரம் வீட்டுக்கு வந்து காபி போடும்போதுதான் "அட நிப்பட்டு திங்கலையே"ன்னு ஞாபகம் வருது. கட்டுப்படுத்தல, மறந்தே போச்சு! எனக்கு எப்பவுமே மூணாவது பீரியட்லயே டிபன் பாக்ஸ் கூப்பிடும், பாடம் நடத்திட்டே இருப்பேன் மனசு பாக்ஸ்லயே இருக்கும். இது எல்லாருக்கும் இருக்கும்னே 39 வருஷமா நினைச்சிட்டு இருந்திருக்கேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன், "மத்தியானம் ஒரு மணிக்கு பசிச்சாத்தான் சோத்து நினைப்பே வரும்"ங்கறாரு. பதினஞ்சு வருஷம் ஒரே வீட்ல இருந்து இன்னைக்குத்தான் இத பேசிக்கறோம்.

நல்லது மட்டும் இல்ல. ரெண்டாவது ஊசிக்கு மறுநாள் அத்தை களி கிண்டி கத்தரிக்கா கொழம்பு வச்சாங்க. களிய நம்ம மெல்ல மாட்டமே, தொட்டு முழுங்கறதுதானே. பழக்கத்துல ஒரு முழு உருண்டை உள்ள போயிடுச்சு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு அழுகின முட்டை வாசத்துல ஏப்பம், அப்புறம் வாந்தி, களி அப்படியே வந்துச்சு, சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகியும் அப்படியே. சிஸ்டர் சொன்ன "மெதுவா எறங்கும்"ங்கறதுக்கு அர்த்தம் அப்பத்தான் புரிஞ்சுது. இப்ப கால் உருண்டை, கூட ஒரு முட்டை, இல்ல பச்சைப்பயறு. மலச்சிக்கலும் இருக்கு, தண்ணிய கணக்கு வச்சு குடிக்கறேன்.

பாலக்கோடு சிஸ்டர் · 2025 மே 25

முட்டை பயறு விடாதீங்க. குறையற எடையில கொழுப்பு மட்டும் இல்ல சதையும் போகும். ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில கையில வச்சு தூக்கி எறக்கினாலும் சரி, நாற்காலியில உக்காந்து எழுந்தாலும் சரி, வாரத்துல மூணு நாள் ஏதாச்சும் பண்ணுங்க.

காரிமங்கலம் டீச்சர் · 2025 ஆகஸ்ட் 3

86. அஞ்சு மில்லி கிராம்லதான் இருக்கேன், வாந்தி இல்ல. மாடியில இருக்கற ஒன்பதாம் வகுப்புக்கு கைப்பிடி பிடிக்காம ஏறினேன். மாங்கா சீசன் பூரா பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்தேன், பெங்களூரா ரெண்டு துண்டு, அல்போன்சா அரை, அதுக்கு மேல கேக்கவே இல்ல.

மருந்துக்கடை அண்ணா, செமாகுளூடைடு ஊசி, வீகோவின்னு, அதுவும் வந்துடுச்சாமே, அது கம்மி விலையா?

ரவுண்டானா மருந்துக்கடை · 2025 ஆகஸ்ட் 4

ஜூன்ல வந்துச்சு. வந்தப்ப விலை மாசம் பதினேழாயிரத்துக்கு மேல, உங்களுக்கு ஒண்ணும் மிச்சம் ஆகாது. செமாகுளூடைடுக்கு இங்க பேடன்ட், அதான் அந்த ஒரு கம்பெனி மட்டும் விக்கற உரிமை, 2026 மார்ச்ல முடியுது, அப்புறம் நம்ம நாட்டு கம்பெனிங்க போட ஆரம்பிச்சா விலை எறங்கும்னு எல்லாரும் காத்திட்டு இருக்கோம்.

காரிமங்கலம் டீச்சர் · 2025 நவம்பர் 9

சீட்டுப் பணம் போன மாசமே தீந்துச்சு. மொத மாசம் 14,000, அப்புறம் அஞ்சு மாசம் 17,500 வச்சு, கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. 81ல நிறுத்தினேன். ஹெச்பிஏ1சி 5.6. டாக்டர் நிறுத்தறது எனக்கு இஷ்டம் இல்ல, ஆனா உங்க நிலைமை புரியுதுன்னாரு, மெட்ஃபார்மின் எழுதிக் குடுத்து மாசா மாசம் எடை பாக்க சொல்லியிருக்காரு.

நிறுத்தி பன்னெண்டாவது நாள், மூணாவது பீரியட், பாக்ஸ் கூப்பிட்டுச்சு. சத்தியமா சொல்றேன், பழைய ஆள் வாசல்ல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. ஆனா இந்தத் தடவ அது யாருன்னு எனக்குத் தெரியும். முன்ன எல்லாம் நான் பேராசை பிடிச்சவன்னு என்னையே திட்டிக்குவேன், இப்ப திட்டல. ஒரு முட்டைய தின்னுட்டு பாடத்த நடத்தினேன். இப்ப 82.5. ஏறுது, மறைக்கல. மார்ச் வரைக்கும் 85ஐ தாண்டாம பாத்துக்கணும், அதுக்கு மேல விலையப் பாத்து டாக்டர்கிட்ட பேசணும்.

ஓசூர் பி ஷிப்ட் · 2025 நவம்பர் 9

அக்கா நானும் மார்ச்சுக்குத்தான் வெயிட்டிங். சேந்து போவோம்.

பென்னாகரத்தான் · 2025 நவம்பர் 10

டீச்சர், ஒரு விஷயம். எங்க வீட்டம்மாவுக்கு 88 கிலோ, ஹெச்பிஏ1சி இப்ப 8 தாண்டிடுச்சு. களி, சாமை, நடை எல்லாம் நான் சொல்லி சொல்லி அலுத்துப் போச்சு, அவ கேட்டு கேட்டு அலுத்துட்டா. நீங்க பாத்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பாரு?

காரிமங்கலம் டீச்சர் · 2025 நவம்பர் 10

ஞாயிறு தவிர எல்லா நாளும் இருப்பாரு அண்ணா. காலையில எட்டுக்கே போய் டோக்கன் போட்டுடுங்க, வெறும் வயித்துல ரத்தம் எடுப்பாங்க, டிபன் கட்டி எடுத்துட்டுப் போங்க. தனியா அனுப்பாதீங்க, நீங்களும் கூடப் போங்க.